யாழினிக்குப் பார்த்த விடுதி

சனிக்கிழமை இரவு, ஜூன் விடுமுறை

மதுரையிலிருந்து இங்கே உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்க வரும் மாமா மகள் யாழினிக்கு இன்று அம்மாவும் நானும் விடுதி பார்த்தோம். ஜூரோங் விடுதி அவள் சேரப்போகும் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. அதன் நூலகத்தை விட்டு வர எனக்கே மனமில்லை. மாமாவுக்கு வீடியோ காலில் காட்டினேன். ஆர்வம் தாங்காமல், "ரூம்ல கூட இருக்கறவங்க கொரியா, வியட்நாம் பிள்ளைங்க மாமா, ஜாலியா இருக்கும்!" என்று சொல்லித் தொலைத்தேன்.

மாமாவின் முகம் மாறியது. "அப்ப எம்பொண்ணு யார்கிட்டம்மா தமிழ் பேசுவா? இட்லிக்கு எங்க போவா?"

"லிட்டில் இந்தியாவுல ஒண்ணு இருக்கு அண்ணே. கீழயே இட்லிக் கடை," என்றார் அம்மா. காலையில் பார்த்த அந்த விடுதியிலிருந்து பள்ளிக்கு ஒரு மணி நேரம் எம்ஆர்டி ரயிலில் போக வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர்.

"யாழினிய ஒரு வார்த்தை கேளுங்கம்மா," என்றேன்.

"பெரியவங்க பேசறப்ப சும்மா இரு லா," என்றார் அம்மா.

லிட்டில் இந்தியா விடுதி என்றே முடிவு செய்துவிட்டார்கள்.

சற்றுமுன் யாழினி செய்தி அனுப்பினாள்: "அங்க வந்தா இட்லியத் தொடவே மாட்டேன்டி! ரூம்ல எந்த நாட்டுப் பொண்ணுங்க? சீக்கிரம் சொல்லு!" மாமா இன்னும் அவளிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. அவளுக்கு எழுத எனக்கு மனம் வராததைத்தான் இந்த நாட்குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.