அணில் சொன்ன ஒரு வார்த்தை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது, நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் அந்தச் சுகத்தில் சேர மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சௌக்கியம் என்று ஒரு வரி வந்தால் மனசு நிறைந்துவிடும். மாடிக் குழாய் ஒழுகுவது நின்றுவிட்டது, எதிர்வீட்டுத் தையல்காரர் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது. என்னைக் கேட்டால் வயிறு எரிகிறது, மாத்திரைக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை, ஆபீஸில் ஒருவன்மேல் பொறாமை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல.

எங்கள் ஆபீஸ் சீப்பைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா, டைரக்டர் அறைக்குள் போகுமுன் சட்டைப்பைச் சீப்பை எடுத்துத் தலைவாரிக்கொள்கிறவன், அதனால் நான் வைத்த பெயர். பழைய கதைகளை அரசாங்கத்துக்குத் தோதாக மாற்றி எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு, இருபத்திரண்டு வருஷத்தில் நான் திருத்திய நரிகள் எல்லாம் யோக்கியமாக வரிசையில் நிற்கின்றன. இந்த முறை இரண்டாம் வகுப்புப் புத்தகத்துக்கு அணில் கதை கேட்டார்கள். மெத்தை தைக்க எல்லோரும் வாலைக் கொடுங்கள் என்று சிங்கராஜா உத்தரவு போடும், அணில் மட்டும் மாட்டேன் என்னும், உனக்கு நான் சொல்லித் தூங்கவைத்த அதே கதைதான். நான் அணிலைத் திருந்தவைத்துக் கடைசிப் பக்கத்தில் வாலைக் கொடுக்கவைத்தேன். சீப்பின் அணிலோ விடியுமுன்பே வரிசையில் முதல் ஆளாக நின்று, நாட்டுக்குக் கொடுக்க என்னிடம் ஒரே ஒரு வால்தானே இருக்கிறது என்று தேம்பித் தேம்பி அழுகிறது. டைரக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அந்த வரி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று மனசு இன்னும் ஆறவில்லை. அட்டையில் அவன் பெயர், ஜன்னலோர மேசையும் அவனுக்கு. குட்டிக்கு அந்தப் புத்தகம் ரொம்பப் பிடித்திருக்கிறது என்று நீ எழுதியிருந்தாயே, அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

அவனை ஜெயிக்க நான் செய்த காரியத்தைக் கேள். உனக்குச் சொன்ன கதைகளை எழுதிவைத்திருந்த நீல நோட்டை, மூலக்கதை என்னிடம்தான் இருக்கிறது என்று பெருமையாக ஆபீஸில் கொடுத்துவிட்டேன். அதைப் படித்துத்தான் சீப்புக்குக் கதையே தெரிந்தது. புதுக்கதை அச்சேறியதும் மூலத்தைக் காகிதம் வெட்டும் மெஷினில் போட்டுவிட வேண்டும், அந்த விதியை எழுதியவனும் நான்தான். நோட்டு போனால் என்ன, கதை தலையில் இருக்கிறது என்று இருந்தேன். நேற்று அம்மாவுக்குச் சொல்லத் தொடங்கினால், வாலைக் கொடு என்று சிங்கம் கேட்கும் இடம்வரைதான் வருகிறது. அணில் ஏதோ ஒன்று பதில் சொல்லும், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், இன்னொரு தடவை என்பாய். அந்த வார்த்தை வரவில்லை. நான் வாயைத் திறந்தால் சீப்பின் அணில்தான் அழுகிறது.

வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே, மாப்பிள்ளையின் இருமலை அலட்சியம் செய்யவேண்டாம் என்று சொல். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பதில் போடும்போது அணில் என்ன சொன்னது என்று மறக்காமல் எழுது. மரியாதைக் குறைவாக இருந்தாலும் அப்படியே எழுது. உனக்கும் மறந்திருந்தால் மறந்துவிட்டது என்றே எழுதிவிடம்மா, அப்பா மனசு கஷ்டப்படுமே என்று நீயாக ஒன்றை எழுதி அனுப்பிவிடாதே, எனக்கு வித்தியாசம் தெரியாது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா