இருபத்து நான்கரை ரூபாய்க் கூரை

செப்டம்பர் 24, புதன்

இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இன்று ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. இனிமேல் காலையில் முதலில் விலையைப் பார்ப்பது. அதற்குப் பிறகே தேநீர். இதுவரை தேநீருக்குப் பிறகு பார்த்துவந்தோம். என் கணவர் பாக்கர் ஷார்ஜாவிலிருந்து தொலைபேசியில் இதை அறிவித்தபோது குரல் லேசாகத் தழுதழுத்தது.

விலை என்றால் தங்கமோ மீனோ இல்லை. ஒரு திர்ஹத்துக்கு எத்தனை ரூபாய் என்பது. இன்று 24.15. அவருக்கு 24.50 வேண்டும். அது வந்த அன்றே மகள் லாமியாவின் வீட்டுக்குக் கான்கிரீட் போடும் பணம் முழுவதையும் அனுப்பிவிடுவார்.

கீழக்கரையில் எங்களுக்கெல்லாம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் நிக்காஹ்; மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் வருவார். டிசம்பர் 14 என்று தேதி வைத்தாயிற்று. மாப்பிள்ளை அசாருதீன் தோஹாவிலிருந்து ஒரு மாத விடுப்பில் வருகிறான். பக்கத்து மனையில் சுவர் எழும்பிவிட்டது. இன்று அதன்மேல், கான்கிரீட்டைத் தாங்க, சென்ட்ரிங் தகடுகளை அடித்துவிட்டார்கள். வாடகைத் தகடு, நாளுக்கு முந்நூறு ரூபாய். அந்த விலை ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை.

செப்டம்பர் 27, சனி

சனி ஞாயிறு சந்தை மூடியிருக்கும், விலை அசையாது. ஆனாலும் பார்த்தோம். அசையவில்லை என்பதை உறுதிசெய்யவும் ஆள் வேண்டுமல்லவா.

அக்டோபர் 3

அவருடைய கைபேசியில் பன்னிரண்டு வருடத் தினசரி விலை இருக்கிறது. அதிலிருந்து விதிகளும் கண்டுபிடித்திருக்கிறார். மாதக் கடைசியில் சம்பளம் வாங்கியவர்கள் எல்லாரும் அனுப்புவதால் விலை இறங்கும். பத்தாம் தேதிக்கு மேல் ஏறும். திங்கட்கிழமையை நம்பக்கூடாது.

"விதி தப்புனதே இல்லையா மச்சான்?" என்று கேட்டேன்.

"அது விதிவிலக்கு."

"அது எத்தனை தடவை?"

"பாதிக்குப் பாதி இருக்கும்."

சிரிக்கவும் மனம் வரவில்லை. இந்த மனை வாங்க, பன்னிரண்டு வருடம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை பணம் அனுப்பினார். புதன்கிழமை ரூபாய் விழுந்து திர்ஹம் ஏறியது. ஒரு நாள் பொறுத்திருந்தால் ஒரு மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும். அந்த ஊர் வெயிலில் நின்று சம்பாதித்த ஒரு மாதம். அந்தப் புதன்கிழமையிலிருந்துதான் குறித்துவைக்கத் தொடங்கினார்.

அக்டோபர் 9

மேஸ்திரி உக்கிரபாண்டி வந்தார். முதுகுளத்தூர் பக்கத்துக்காரர். கொத்தனார், சித்தாள் என்று அவரிடம் இருக்கும் எட்டுப் பேரும் அதே ஊர்.

"ரேட்டு என்னாச்சு தாயி?"

"இன்னும் முப்பத்தஞ்சு பைசா ஏறணும்ணே."

"எங்கிட்டு ஏறணும்னு சொல்லு. நான் வேணா ஏணி வச்சுத் தாரேன்."

நான் சிரித்ததும் அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "வெளையாட்டு இல்ல தாயி. ரெண்டு மழை விழுந்துச்சுன்னா இங்கன ஒரு பய நிக்கமாட்டான். வெதப்பு, களை, மொளகா நடவுன்னு போனாய்ங்கன்னா தைக்கு அங்கிட்டுத்தான் வருவாய்ங்க. நானுந்தான்."

"மழை எப்பண்ணே வரும்?"

அவர் வானத்தைப் பார்க்கவில்லை. என் கைபேசியைப் பார்த்தார். "அதுல போடலையா?"

லுஹர் தொழுகைக்குப் பிறகு பாக்கரிடம் சொன்னேன். "பத்தாம் தேதி தாண்டட்டும் ஹபீபா. பன்னெண்டு வருசமும் அதத்தான் சொல்லுது" என்றார். நகையை அடகு வைக்கலாமே என்று கேட்டிருப்பேன். நகை ஏற்கெனவே சுவராக நிற்கிறது.

அக்டோபர் 13

24.16. தகட்டின்மேல் காக்கை நடப்பது வீட்டுக்குள் கேட்கிறது.

அக்டோபர் 16, வியாழன்

விடிவதற்குள் மழை. விலை 23.95. இரண்டே நாளில் இருபது பைசா இறங்கிவிட்டது. எவனோ பெரிய கை டாலரை விற்றிருக்கிறான், டாலரோடு திர்ஹமும் இறங்கிவிட்டது என்கிறார்.

"மச்சான், இப்பவாவது அனுப்புங்க. ஆளு நாளைக்கு வரைக்கும்தான் நிக்கும்."

"இப்பவா? எறங்குனப்ப அனுப்புறவனுக்கு என்ன பேரு தெரியுமா?"

"லாமியாவோட வாப்பா."

அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

அக்டோபர் 17

இரவும் மழை. காலையில் உக்கிரபாண்டி கரண்டியையும் மட்டப்பலகையையும் சாக்கில் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கோவிச்சுக்கிராத தாயி. வானம் ஒருக்காத்தான் குடுக்கும்."

ஒரே பேருந்தில் ஒன்பது பேரும் போய்விட்டார்கள். நான் என்ன செய்ய — கையப் பிடிச்சா நிப்பாட்ட முடியும்? அவங்க வயித்துப்பாடு அவங்களுக்கு. கான்கிரீட் போட்டா மூணு வாரம் தகட்டத் தொடக்கூடாது, அப்புறம் பூச்சு, தரை, கரண்டு... எல்லாம் சொன்னேனே, எத்தனை தடவை சொன்னேன்! காதுல விழுந்தாத்தானே? இருவது பைசாவாம், முப்பது பைசாவாம். உள்ளூர்க் கொத்தனார் ரெண்டு பேர்கிட்டக் கேட்டாச்சு. முன்பணம் வச்சாத்தான் தேதி பேசுவானாம்.

பிற்பகலில் லாமியா கேட்டாள். "உம்மா, வாப்பா கணக்குல என் நிக்காஹ் எந்தத் தேதியில ஏறுது, எந்தத் தேதியில எறங்குது?"

காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

நவம்பர் 10

24.14. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: இன்று நானும் விலை ஏறட்டும் என்று துஆ கேட்டேன். அது ஏறுவதென்றால் ரூபாய் விழுவது என்று தெரிந்தேதான் கேட்டேன். நாட்டுக்கு நல்லது நடந்தால் எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை.

நவம்பர் 29

மூன்று நாளாக மழை. தகடுகளின்மேல் தண்ணீர் தேங்கித் தவளைகள் குடிவந்துவிட்டன. அவை யாரையும் கேட்டுத் தேதி வைக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

24.50.

"சொன்னேன்ல? சொன்னேன்ல ஹபீபா? அதுவும் புதன்கிழமை!" பன்னிரண்டு வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. பணம் மதியமே வந்து சேர்ந்தது. செப்டம்பரில் அனுப்பியிருந்தால் கிடைத்திருப்பதைவிடப் பதினோராயிரத்து ஐந்நூறு ரூபாய் அதிகம். அல்ஹம்துலில்லாஹ் என்றார். நானும் சொன்னேன்.

உள்ளூர்க் கொத்தனார்கள் வேறு வேலை பிடித்துவிட்டார்கள். உக்கிரபாண்டியை அழைத்தேன். "முட்டளவு களை நிக்கிது தாயி. பொங்கல் கழியட்டும், மொத ஆளா ஒன் வீட்டுக்குத்தான் வாரேன்." பின்னால் யாரோ மாட்டை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிசம்பர் 5

மாப்பிள்ளையின் தாயார் ஜுமானா வந்தார். பக்கத்து மனைக்குப் போய் அண்ணாந்து பார்த்தார். திரும்பி வந்து தேநீரை முழுவதும் குடித்தார்.

"நிக்காஹை முதல்ல முடிச்சிருவோம் சம்மந்தி. தையில வீடு எழும்பிரும்" என்றேன்.

"எங்க வீட்டுப் புள்ளையத் தகரத்துக்குக் கீழ எறக்குனோம்னு ஒரு பேரு வேணாம். அவன் எங்க போகப் போறான்? அடுத்த லீவுல வப்போம், இன்ஷா அல்லாஹ்."

சர்க்கரை சரியாக இருந்தது என்றும் சொன்னார்.

பாக்கரிடம் சொன்னேன். "அவ பக்கத்துல இருக்காளா?" என்றார்.

"இருக்கா. குடுக்கவா?"

வேண்டாம் என்று வைத்துவிட்டார்.

டிசம்பர் 30

காலையில் தகட்டுக்கடை வண்டி வந்தது. தகடுகளையும் முட்டுக்கம்புகளையும் கழற்றி ஏற்றிக்கொண்டு போனார்கள். வாடகை இருபத்தொன்பதாயிரத்து நானூறு. பதினொரு மணிக்கு அசாருதீன் மதுரையில் விமானம் ஏறினான். அவனுக்கு அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து.