ஹார்ல்ஃபோர்டில் சனிக்கிழமைச் சந்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா?

போன சனிக்கிழமை இங்கே ஒரு வேடிக்கை. ஆற்றுத் தண்ணீர் சந்தைத் திடலுக்குள்ளேயே வந்துவிட்டது. அந்தக் கால அரசர் கொடுத்த சந்தை உரிமை, ஒரு வாரம் ஒரு கடைகூட விரிக்காவிட்டால் போய்விடும் என்று ஊரே நம்புகிறது. ஆனாலும் எல்லோரும் மூட்டை கட்டிவிட்டார்கள். என் முதலாளி பார்லோ மட்டும் கணுக்கால் தண்ணீரில் மேசை போட்டு சீஸ் விற்றார்.

"கிளம்புங்க, குளிர் தாங்காது" என்றேன்.

"கொள்ளைநோய் வந்தப்பவே நிக்காத சந்தைம்மா இது. இந்தச் சாக்கடைத் தண்ணிக்கா பயப்படுவேன்?" என்று சிரித்தார்.

மதியம் சந்தை முடியும் மணி அடித்தபோது தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. இப்போது அவர் நெஞ்சுச் சளியோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். நேற்று பார்க்கப் போனேன். "இந்த வாரம் கடையில நீ நில்லு. வேற எவனும் வரமாட்டான்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

மழை இன்னும் விடவில்லை. சந்தை மண்டபத் தூணில் பழைய வெள்ளங்களின் அளவைக் கோடுகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். உச்சிக் கோடு எனக்குக் கையெட்டவில்லை.

உன் குங்குமப்பூ பன் கொஞ்சம் அனுப்பு. ஒற்றை ஆளாகக் குடிக்கத் தேநீர் இறங்கவில்லை. தபால் வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன். அப்பாவின் மீன்பிடி பூட்ஸும் வெள்ளிக்குள் வேண்டும். முழங்கால் வரை உள்ளது போதாது அம்மா, நெஞ்சு வரை வருமே, அது.

டாம்சின்