ஒரே லீவு, மூன்று பேர்

டிசம்பர் 11, வியாழன்
ஓசூர் முழுக்கப் பனி. யூனிஃபார்ம் இரண்டு நாளாகக் காயவில்லை.

கிறிஸ்துமஸ் வாரத்துக்கு எங்கள் மெஷினில் ஒருவருக்குத்தான் லீவு. சூப்பர்வைசர்: "மூணு பேரும் பேசி ஒருத்தன் பேரக் குடுங்க. என்ன இழுக்காதீங்க." மூன்று பேர் என்றால் நான், கொள்ளேகால் மஞ்சு (கன்னடக்காரன், எல்லாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவான்), ஆந்திராவின் குப்பத்துச் சீனு. ஒரே அறை. மஞ்சுவுக்குத் தங்கை நிச்சயதார்த்தம். சீனுவுக்குச் சும்மா ஊர் ஆசை.

என் மனைவி ஜெனி பிள்ளையோடு சிவகங்கையில், அவள் அம்மா வீட்டில். சண்டை போட்டுப் போனவள். நேற்று போனில்: "கிறிஸ்மஸுக்கு வரலைன்னா அப்புறம் வரவே வேணாம்."

அறையில் இவர்கள் இருவரிடமும் இதைச் சொல்லவில்லை. வீட்டுச் சண்டையைக் கடை பரப்புவானேன். போக்கர் ஆடலாம், ஜெயித்தவனுக்கு லீவு என்றேன். போனில் ஆடி ஆடிப் பழகியவன் நான்தானே.

டிச. 13, சனி
யோசித்தவை. ஆள் குறைவு. நல்ல சீட்டு வரட்டும் என்று உட்கார்ந்தால், சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயம் வைப்பதிலேயே கரைந்துவிடுவேன். இரண்டாவது வந்தவனுக்கு ஒன்றுமே இல்லை, அதனால் பதுங்கிப் பயனில்லை. பந்தயத்தை ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சீனு பயந்தாங்கொள்ளி, ஏற்றினால் விடுவான். மஞ்சு விடமாட்டான். அவனிடம் என் கையில் நல்ல சீட்டு இருந்தால் மட்டும் ஏற்ற வேண்டும்.

காசுக்குப் பதில் வாஷர், ஆளுக்கு ஒரு கிண்ணம். சீட்டுக்கட்டோடு கலந்த சீட்டு செத்த சீட்டு. என் ரூல்.

சோப்பு வாங்க வேண்டும்.

டிச. 14, ஞாயிறு
பூசைக்குப் போகவில்லை. மதியம் ஆட்டம். தகரக் கூரையில் மழை, பேச்சே கேட்கவில்லை. சீனு சீக்கிரமே அவுட், சீட்டுப் போட உட்கார்ந்தான். நானும் மஞ்சுவும் மிச்சம்.

எனக்கு ராஜா ஜோடி. முக்கால் கிண்ணத்தை நடுவில் தள்ளினேன். மஞ்சு முகத்தைத் தேய்த்தான். "இல்ல" என்றான். விட்டுவிட்டான் என்று என் சீட்டைச் சீட்டுக்கட்டோடு கலந்துவிட்டேன். சிரிப்பு வேறு.

அவன் சொன்னது "எல்லா".

"குரு, நான் எல்லான்னேன். எல்லாத்தையும் வெக்கறேன்னு."

சீனு: "கலந்தா போச்சுப்பா. ரூலு நீ சொன்னதுதானே?"

இத்தனை நாள் ஒரே அறையில் படுத்தும் அவன் கன்னடம் என் காதில் தமிழாகத்தான் விழுகிறது. மறுபடி போடலாம் என்றான் மஞ்சு. வேண்டாம் என்றேன். ரோஷம். மீதி வாஷர் அடுத்த ஆட்டத்திலேயே போனது.

டிச. 15, திங்கள்
சாயங்காலம் போனில் ஜெனியிடம் சொன்னேன். லீவு மஞ்சுவுக்கு என்று. எப்படி என்றாள். அதையும் சொன்னேன்.

"நான் சொன்னத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"சொல்லியிருந்தா குடுத்திருப்பாங்க. சீட்டுல ஜெயிச்சாத்தான் என்னப் பாக்க வருவீங்களோ?"

வைத்துவிட்டாள். திரும்ப அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

மஞ்சு வாசலில் ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். "வீட்ல சௌக்கியமா, குரு?"

சௌக்கியம் என்றேன்.