காலண்டர் தாளில் எழுதிய ரகசியம்

சாலமன்ராஜ் அவர்களின் மேலான கவனத்துக்கு, மனைவி ஜெயக்கொடி அறிவிப்பது: நேற்று நீங்கள் வாங்கிவந்து ஜன்னல் கம்பியோடு மாட்டிய நம்பர் பூட்டின் தயவால், நம் லேப்டாப்பை இனி ஒருவரும் எடுத்துப்போக முடியாது. நீங்களும்தான்.

நம்பரை எனக்குச் சொல்லவில்லை. "உன்கிட்ட சொன்னா வார்டுல அம்புட்டுப் பேருக்கும் தெரிஞ்சிரும்" என்றீர்கள். பிறகு மறந்துவிடுமென்று தினசரி காலண்டர் தாளில் எழுதிவைத்தீர்கள். காலண்டர் அச்சடித்தே பிழைக்கிற மனுஷனுக்கு, விடிந்தால் தாளைக் கிழிப்பார்கள் என்று தோன்றவில்லை. வழக்கம்போல் கிழித்து, தோசைக்கல்லைத் துடைத்து, குப்பை வண்டியில் போட்டுவிட்டேன்.

பதினொரு மணிக்கு மதுரைப் பார்ட்டிக்கு டிசைன் காட்டாவிட்டால் ஆர்டர் போய்விடும் என்று ராத்திரி முழுக்கப் புலம்பினீர்களே, அதற்காகக் கிளம்புகிற நேரத்தில் உட்கார்ந்து பூட்டை உருட்டினேன். கல்யாண நாளுக்குத் திறக்கவில்லை. அதில் எனக்கு ஆச்சரியமில்லை. மகள் கிருபா பிறந்த நாளுக்கும் திறக்கவில்லை.

தோசை ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சட்னி காரம், திட்டாமல் சாப்பிடுங்கள். நீங்கள் வாக்கிங் முடித்து வருவதற்குள் என் பஸ் போய்விடும். வீட்டுச் சாவியையும் இந்தக் கடிதத்தையும் எதிர்வீட்டு சுகிர்தாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பி.கு.: லேப்டாப்பை உங்கள் பையில் வைத்துவிட்டேன். கடைசியாக நான்கு சைபர் வைத்துப் பார்த்தேன், திறந்துவிட்டது. புது நம்பரைத் தாளில் எழுதினீர்களே தவிர, கடையில் வாங்கியபோது பூட்டில் இருந்த நம்பரை நீங்கள் மாற்றவே இல்லை.