குளத்தில் களை பிடுங்கிய கதை

கடல்காரிக்கு,

இன்று காலை குளக்கட்டால் நடந்து போகும்போது, அல்லிக்கொடி ஓரமாகத் தண்ணீர் சிவந்து கொதிப்பதைக் கண்டேன். கிட்டப் போய்ப் பார்த்தால் விரால் குஞ்சுகள். ஒரு பிடி மிளகாய்த்தூளை அள்ளிப் போட்டதுபோல நூற்றுக்கணக்கில், ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே வந்து மூச்சு வாங்கின. அவற்றுக்குக் கீழே தாயும் தகப்பனும் கறுப்பாகக் காவல் நின்றன. சந்தைக்கு உடுத்த சேலையோடு அப்படியே குந்திவிட்டேன். புதுக்குடியிருப்பு பஸ் போயே போய்விட்டது. நீ இருந்திருந்தால், "என்ன தலைவி, குஞ்சுகளைக் கூட்டம் கூட்டிக் கையெழுத்து வாங்கிறீரோ?" என்று கேட்டிருப்பாய்.

நீ கண்ணை மூடி எட்டு மாதம். உன் நக்கல் இல்லாமல் எனக்குப் பொழுது போவதாயில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு நீ எப்போதும் 'நீ'. உனக்கு நான் எப்போதும் 'நீர்'. மாதர் சங்கத் தலைவிக்குத் தரும் மரியாதை என்பாய். அதில் முக்கால்வாசி நக்கல்தான் என்று எனக்குத் தெரியாதா? முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, ஒட்டுசுட்டானுக்கு வாழ்க்கைப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் கடல் பக்கம் போய்வந்தவள் நீ. நானோ மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த குடும்பம். என் அப்பாவும் அம்மாவும் அங்கே தேயிலைக்குள் களை பிடுங்கினார்கள், இங்கே வந்து நெல்லுக்குள் களை பிடுங்கினார்கள். களை பிடுங்க என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு. அந்தத் திமிரால் குளமே கையை விட்டுப் போகப் பார்த்தது.

வயல் செய்பவர்களின் கமக்காரர் அமைப்பு அந்தச் சின்னக் குளத்தை மீன் வளர்க்க நம் சங்கத்துக்கு ஒரு வருடத்துக்குத் தந்தது. சரிவந்தால் தொடர்ந்து நமக்கு, சரிவராவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். இருபது பெண்களுக்கும் தங்களுடையது என்று சொல்லக் கிடைத்த ஒரே வேலை அது. திலாப்பியாக் குஞ்சு விடுவதற்கு முன், தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, விரால் எல்லாவற்றையும் பிடித்து எடுக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். குஞ்சைத் தின்னும் மீன் களைதானே? நீயும் உன் மனுசனும் நானும் மூன்று நாள் வலை இழுத்தோம். யார் சொல்லி யார் செய்தது என்பது அப்போது வேறு ஒருவருக்கும் தெரியாது.

"கடலில ஆரும் சுறாவைக் களையெண்டு பிடுங்கினதில்லை, தலைவி" என்றாய்.

"இது கடலில்லையடி, குளம். வாயை மூடிக்கொண்டு வலையை இழு" என்றேன்.

அன்று எல்லா வீட்டிலும் விரால் குழம்பு. உன் வீட்டுக் குழம்புதான் திறம். கோபத்தில் புளியைக் கூடுதலாக விட்டிருந்தாய்.

அதோடு விட்டேனா? மீன் தின்ன வந்த நீர்க்காகங்களைக் கலைக்க, வயலுக்கு வரும் யானையை விரட்டவென்று தந்த வெடியைக் கொளுத்தி எறிந்தேன். ஒரு நீர்க்காகத்துக்கு யானை வெடி! யானை வந்துவிட்டதென்று உன் மனுசன் வயலுக்குள்ளால் ஓடிவந்து சேற்றில் விழுந்தார். நீ அவரைத் தூக்கிவிடாமல் வரம்பில் இருந்து வயிறு நோகச் சிரித்தாய்.

தின்ன ஆளில்லாத குளத்தில் மீன் பெருகியது. குஞ்சு பெரிதாகிக் குஞ்சு போட்டது, அந்தக் குஞ்சும் குஞ்சு போட்டது. தவிடு தூவினால் தண்ணீர் தெரியாது, வாய்கள்தான் தெரியும். "பாரடி விளைச்சலை!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன். நீ ஒரு மீனைப் பிடித்து வாயைத் திறந்து காட்டினாய். விரல் நீள மீன், வாய்க்குள் முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது.

"இதுகள் வளராமலே தாயாகுதுகள், தலைவி. பத்துப் பேருக்கு வைச்ச பானையில நூறு பேர் கை வைச்சா ஆருக்கு வயிறு நிரம்பும்?"

நான் இன்னும் இரண்டு சாக்குத் தவிடு போடச் சொன்னேன். அதுவும் குஞ்சாகத்தான் மாறியது.

ஆவணியில் மீன் பிடித்த நாளன்று ஊரே குளக்கட்டில் நின்றது. வலை பாரமாகத்தான் வந்தது. கரையில் கொட்டினால், ஆயிரக்கணக்கில் விரல் நீள மீன்கள், கறிக்கு வெட்ட ஒன்றில்லை. மீன் வாங்க வந்தவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கமக்காரர் அமைப்புத் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்.

"விராலெல்லாத்தையும் பிடிக்கச் சொன்னது ஆர்? தலைவிக்கே இது விளங்காட்டில் குளத்தை எப்பிடி உங்களிட்ட விடுறது?"

நீ ஈரப் பாவாடையைப் பிழிந்தபடி முன்னுக்கு வந்தாய். "நான்தான் அண்ணை. கடல்காரி, குளத்து மீனைப் பற்றி என்னத்தைக் கண்டன்? தலைவி வேண்டாமெண்டுதான் சொன்னவா. இன்னும் ஒரு வருசம் தாங்கோ."

தந்தார்கள். நான் பேசாமல் நின்றேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

அடுத்த கிழமையே முள்ளியவளையிலிருந்து நீல வாளியில் இரண்டு சோடி விராலோடு பஸ்ஸில் வந்து இறங்கினாய். வழியில் ஒன்று துள்ளி விழுந்து, அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொல்லி கொண்டக்டர் பகிடி விட்டாராம். "தின்ன ஆள் இருந்தாத்தான் மிச்சம் வளரும்" என்று சொல்லி வாளியைச் சரித்தாய். மறு ஆவணியில் ஒவ்வொரு மீனும் உள்ளங்கை அகலம். எண்ணிக்கை குறைவு, பாரம் கூட. பிறகு விரால் அளவுக்கு மிஞ்சிய ஒரு வருடமும் வந்தது. அப்போது கொஞ்சத்தைப் பிடிக்கச் சொன்னதும் நீதான். நீர்க்காகங்களும் திரும்பி வந்துவிட்டன. யானை வெடி இப்போது யானைக்கு மட்டும்.

எத்தனையோ தரம் அந்தப் பேச்சை எடுத்தேன். "போம் தலைவி, தேத்தண்ணி ஆறுது" என்று தட்டிவிட்டாய். உன்னிடம் சொன்னால் போதாது, ஊரறியச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

இன்று பின்னேரம் சங்கக் கூட்டம். புதிதாகச் சேர்ந்த ஒரு பிள்ளை எழும்பி, "அக்கா, குளம் நிறைய விரால் குஞ்சு. எங்கட மீனைத் தின்னுறதுக்கு முதல் வலை போட்டு எடுப்பமோ?" என்றாள். என் பழைய குரலை அப்படியே கேட்டேன். எழுந்தேன்.

"வேண்டாம் பிள்ளை. அண்டைக்கு அந்தப் பிழையைச் செய்யச் சொன்னது கடல்காரி இல்லை, நான். அவா எனக்காகப் பொய் சொன்னவா. நான் வாயைத் திறக்காமல் நிண்டனான்."

பின் கதிரையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு கூட்டமே சிரித்தது. பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அக்கா, எங்களுக்கு அந்தக் கிழமையே தெரியும். அவா வீடு வீடாய்ப் போய்ச் சொல்லிச் சிரிச்சவா. 'தலைவி ஒருநாள் தன்ர வாயால சொல்லுவா, அதுவரைக்கும் ஒருத்தியும் மூச்சுக் காட்டாதேங்கோ. சொல்லுற அண்டைக்கு அவாவுக்கு விரால் குழம்பு வைச்சுக் குடுங்கோ' எண்டவா."

அடி பாவி! இத்தனை வருடம் இருபது பேரும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள். சிரித்தேன், அழுதேன், இரண்டையும் ஒன்றாகச் செய்தேன்.

நாளைக்குக் குழம்பு. குஞ்சுகளோடு நிற்கும் சோடியைத் தொடாமல் வேறொன்றைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறேன். புளியைக் கூடுதலாக விடச் சொல்லியிருக்கிறேன்.