கர்ட்டுக்கு விட்ட இடம்

விஸ்கான்சின்
செப்டம்பர் 8, 1998

கறுப்புச் சட்டை மட்டும் கூடவே கூடாது ஜோலீன். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் உன் சுகத்தை விசாரிக்கிறேன். நல்லாயிருக்கியா கண்ணு? குழந்தை நோராவுக்குப் பல் முளைத்துவிட்டதா? கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லோரும் நலம், என் முழங்காலைத் தவிர.

உன் அம்மா இந்த வருஷத்துக் குடும்பப் படத்துக்கு நிறம் முடிவு பண்ணிவிட்டாள். கடுகு மஞ்சள், கரும்பச்சை, பீட்ரூட் சிவப்பு. யார் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் ஒரே நிறமாக இருக்கக் கூடாதாம். கீழே எல்லோருக்கும் ஜீன்ஸ். உன் அப்பாவுக்குப் பச்சை. "பால் கறக்கப் போறவனை ஏன்டி கிறிஸ்துமஸ் மரமாக்குறே?" என்று கேட்டார் உன் அப்பா. "மரம் வாயைத் திறக்காது" என்றாள் உன் அம்மா. எனக்கு மஞ்சள். போன தடவை மஞ்சளில் நான் பள்ளிக்கூடப் பஸ் மாதிரி இருந்தேன் என்று சபையில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும்.

நீ படத்தில் நின்று மூன்று வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆனது, குழந்தை பிறந்தது, கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் மட்டும் உன்னைக் காணோம். அக்டோபர் பத்தாம் தேதி, சனிக்கிழமை. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருக்கும் மேப்பிள் மரமெல்லாம் அதற்குள் சிவந்துவிடும். சாயங்காலக் கறவைக்கு முன்னால் எடுத்து முடிக்க வேண்டும். உன் வீட்டுக்காரர் ரஃபேலின் சட்டை அளவை எழுதி அனுப்பு.

கர்ட்டுக்கும் சட்டை வாங்கியாயிற்று. மஞ்சளில் கட்டம் போட்டது. இந்தத் தடவை ஒரு அளவு பெரிதாக எடுத்தாள் உன் அம்மா. "இருபத்தெட்டு ஆயிடுச்சேக்கா. அவங்கப்பாவுக்கு இந்த வயசுலதானே வயிறு போட்டுச்சு" என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்?

உனக்காக வலிக்கிற காலோடு முழங்காலில் நிற்கும்,
வெர்லா பெரியம்மா


ஃபீனிக்ஸ்
செப்டம்பர் 19, 1998

அன்புள்ள பெரியம்மா,

நலம். நோராவுக்குக் கீழே இரண்டு பல். உங்கள் கடிதத்தை ரஃபேலுக்குப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். கர்ட் வருகிற இடத்தில் நிறுத்திவிட்டேன்.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான் என்று அவருக்குத் தெரியும். படம் எடுக்கிற நாளன்று காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனான், அப்போது அவனுக்குப் பத்தொன்பது வயது, வண்டி பஸ் நிலையத்தில் கிடந்தது, அவன் திரும்பவில்லை, ஒரு வரி தகவலும் இல்லை. இவ்வளவும் தெரியும். அம்மா அவனுக்கு வருஷா வருஷம் சட்டை வாங்குவது தெரியாது. படத்தில் அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விடுவது தெரியாது. "இன்னும் தள்ளி நில்லுடி, அவன் தோள் அகலம் உனக்குத் தெரியாதா?" என்பாள். அப்படி ஆறு வருஷம் நின்றேன் பெரியம்மா. ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கத்துக் கை மட்டும் சில்லிட்டுப் போகும். இங்கே ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல யாரை வெட்டி எடுத்தீங்க?" என்று கேட்டாள். அன்றைக்குச் சுவரிலிருந்து கழற்றியதுதான்.

வருகிறேன். மூன்று பேரும் வருகிறோம். ஆனால் இடைவெளி இருக்கக் கூடாது. என் மகள் தன் முதல் படத்திலேயே இல்லாத ஒருவன் பக்கத்தில் உட்கார வேண்டாம். இடம் விட்டால் அப்படியே கிளம்பிவிடுவேன். நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள். நான் சொன்னால் போனை வைத்துவிடுவாள்.

அன்புடன்,
ஜோலீன்


விஸ்கான்சின்
செப்டம்பர் 28, 1998

என் கண்ணே ஜோலீன்,

சொல்லிவிட்டேன். ஆப்பிள் சீவிக்கொண்டிருக்கும்போது சொன்னேன், கையில் வேலை இருந்தால் உன் அம்மாவுக்குக் கோபம் கொஞ்சம் தாமதமாக வரும்.

"ஆர்டிஸ், இந்தத் தடவை இடம் விடாம நிக்கலாம்னு புள்ளை சொல்லுது."

"அப்ப அவன் வந்தா எங்க நிப்பான்?"

"வந்தா நாம நகர்ந்துக்க மாட்டோமா?"

"இப்பவே நெருங்கி நின்னுட்டா, அவன் வரமாட்டான்னு நாமளே முடிவு பண்ணின மாதிரி ஆயிடும்க்கா."

நான் அடுத்த ஆப்பிளை எடுத்தேன். புதுச் சட்டையை என் கையில் கொடுத்து அவன் அறையில் மாட்டச் சொன்னாள். அலமாரியைத் திறந்தேன் கண்ணு. அத்தனை வருஷத்துச் சட்டையும் வரிசையாகத் தொங்குகிறது, துருச் சிவப்பு எடுத்த வருஷம், நீலம் எடுத்த வருஷம், அந்தக் கண்றாவி ஊதா எடுத்த வருஷம். இந்தக் கோடியில் ஒல்லிப் பையனுடைய சட்டை. போகப் போக அகலமாகி, அந்தக் கோடியில் நமக்குத் தெரியாத ஓர் ஆம்பிளையுடைய சட்டை. எல்லாம் ஒருசேர அசைந்தன. கதவைத் திறந்த காற்றுதான், வேறொன்றும் இல்லை. ஆனாலும் பரமண்டல ஜெபத்தைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

நேற்று ஆராதனையில் எல்லோரும் பாட எழுந்தபோது உன் அம்மா என் காதருகே குனிந்தாள். "வரச் சொல்லுக்கா. இடம் காலியா இருக்காது" என்றாள். என்ன நினைத்துச் சொன்னாள் என்று கேட்கவில்லை. அவள் பாட ஆரம்பித்துவிட்டாள்.

ஸ்தோத்திரத்துடன்,
வெர்லா பெரியம்மா


ஃபீனிக்ஸ்
அக்டோபர் 3, 1998

அன்புள்ள பெரியம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், நல்ல அழுகைதான். வெள்ளிக்கிழமை வந்துவிடுவோம். அம்மாவுக்கு நன்றி சொல்லுங்கள். வேண்டாம், நானே சொல்கிறேன். ரஃபேலுக்கு அளவு தேட வேண்டாம், அவரே ஒரு சட்டை வாங்கிவிட்டார். கடுகு மஞ்சள் என்று சாதிக்கிறார். எனக்கென்னவோ பயமாக இருக்கிறது.

ஜோலீன்


விஸ்கான்சின்
அக்டோபர் 22, 1998

ஜோலீன் கண்ணு,

போன வாரம் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. போனையும் எடுக்கவில்லை. அதனால் நீ பார்த்ததையே திரும்ப எழுதுகிறேன், கோபப்படாதே. நீ பார்த்ததும் உன் அம்மா செய்ததும் ஒன்றில்லை.

படம் எடுக்கிற அன்று ரஃபேல் போட்டு வந்த சட்டை வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. "நல்லதாப் போச்சு மாப்ளே, மான்னு நெனச்சு எவனும் உங்களைச் சுடமாட்டான்" என்றார் உன் அப்பா. உன் அம்மாகூடச் சிரித்தாள். நீ குழந்தைக்கு உடை மாற்ற உள்ளே போயிருந்தாய். அப்போதுதான் அவள் மாடிக்குப் போய் அந்த மஞ்சள் கட்டச் சட்டையை எடுத்து வந்து, "இதப் போட்டுக்கோங்க மாப்பிள்ளை" என்று கொடுத்தாள். அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. அவளே கழுத்துப் பொத்தானைப் போட்டாள், காலரைச் சரி பண்ணினாள். நீ குழந்தையோடு வெளியே வந்தாய். "தோள நிமித்துடா கர்ட்" என்று அவள் சொன்னது உன் காதில் விழுந்தது.

சொன்னது அவளுக்கே தெரியாது ஜோலீன். "அம்மா, அது ரஃபேல்" என்று நீ கத்தினபோது, ஏன் கத்துகிறாய் என்பதுபோலத்தான் உன்னைப் பார்த்தாள். நீ காரில் ஏறிவிட்டாய். பாவம் அந்த மனுஷன், சட்டையைக் கழற்றி மடித்து என் கையில் வைத்து, "மன்னிச்சுக்கோங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு உள்பனியனோடு அந்தக் குளிரில் ஓடினார்.

உனக்குத் தெரியாதது இது. அன்று காலையில் அவள் அந்தச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆரஞ்சுச் சட்டையை யாரும் பார்ப்பதற்கு முன்னாலேயே. "ரஃபேல் அந்த இடத்துல நிக்கட்டும்க்கா. சட்டையும் அவருக்கே போகட்டும். இனிமே வாங்கலே" என்றாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்காமல் அப்படியே நின்றுவிட்டாள், நான்தான் எட்டி நிமிர்த்தி வைத்தேன். உன் வீட்டுக்காரரை அவள் கர்ட் ஆக்கவில்லை கண்ணு. கர்ட்டின் இடத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தாள். நாக்கு மட்டும் பழக்கத்தில் போய்விட்டது.

நீங்கள் போன பிறகு படமெடுக்க வந்த பெண் தயங்கித் தயங்கி, "எல்லாரும் கொஞ்சம் கிட்ட வாங்க" என்றாள். வெயில் இறங்கிவிட்டது, மாடுகள் வேலியருகே வந்து கத்துகின்றன. உன் அம்மா நகரவில்லை. கையை நீட்டிக் காட்டினாள்: "இங்க என் மகன். இந்தப் பக்கம் என் மக. அவ பக்கத்துல மாப்பிள்ளை. குழந்தை அவ கையில இருக்கும்." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எடுத்துவிட்டாள்.

நேற்றுப் படம் வந்தது. ஒரு கோடியில் உன் அப்பா பச்சையில், இன்னொரு கோடியில் நான் மஞ்சளில், உன் அம்மா சிவப்பில் எங்களோடு ஒட்டாமல் தனியாக. நடுவிலெல்லாம் மரம். நிறங்கள் நன்றாகச் சேர்ந்திருக்கின்றன, அது வேறு. "இதுவே இருக்கட்டும்" என்று கிறிஸ்துமஸ் அட்டைக்குக் கொடுத்துவிட்டாள். நேற்றுச் சாயங்காலம் உன் அப்பா கறவைக்குப் போகாமல் படத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இன்று காலை ஆர்டிஸ் துணிக்கடைப் பட்டியல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, "நோரா அடுத்த வருஷம் என்ன அளவு போடுவாக்கா?" என்று கேட்டாள். கர்ட் சட்டைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

இவளுக்குக் காலி இடங்களைக் கூட்டாதே ஜோலீன். கோபத்தோடாவது வா. ஆரஞ்சிலேயே நிற்கட்டும் அவர்.

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக.

வெர்லா பெரியம்மா

உறையை ஒட்டப்போகும்போதுதான் ஞாபகம் வருகிறது. கர்ட் போன அன்று காலை நான் அடுப்பிலிருந்து எடுத்த சூடான ஆப்பிள் பலகாரத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உங்கள் வாசலுக்குள் வந்தேன், அவன் வண்டி எதிரே வந்தது. எந்தப் பக்கம் போனான், என்ன உடுத்தியிருந்தான் என்றுதான் போலீஸ்காரர்கள் அப்புறம் கேட்டார்கள், என்ன சொன்னான் என்று யாரும் கேட்கவில்லை. அப்போது கை சுட்டதில் எங்கே இறக்கி வைப்பது என்பதிலேயே என் புத்தி இருந்தது. அவன் கண்ணாடியை இறக்கி, "எனக்காக நிக்காதீங்க பெரியம்மா, வெளிச்சம் போறதுக்குள்ள எடுத்துடுங்க" என்றான்.